வரியேட்டில் ஏறாத நெல்: காவிரிப் படுகையும் வளர்ச்சியின் நிதிக்கணக்கும்

1. கேள்வி

நடுவண் அரசின் வரி வருவாயில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்கும் பங்கு தேய்ந்துவருகிறது என்பது இங்கே கட்சி வேறுபாடின்றி ஒலிக்கும் முறையீடு. அதற்கு அடிப்படையும் உண்டு. 2000-05 காலத்துக்கான 11ஆவது நிதிக்குழு மாநிலங்களுக்குப் பகிர்ந்த தொகையில் தமிழ்நாட்டின் பங்கு 5.385 விழுக்காடு. 15ஆவது நிதிக்குழுவின் காலத்தில் (2021-26) அது 4.079 விழுக்காடு. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்கள்தொகையில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர் வாழும் மாநிலம் இது. 15ஆவது நிதிக்குழுவின் பகிர்வுச் சூத்திரத்தில் 45 விழுக்காடு எடை 'வருமான இடைவெளி'க்குத் தரப்பட்டிருந்ததால், முன்னேறிய மாநிலம் தன் முன்னேற்றத்தாலேயே பங்கை இழந்தது. வளர்ச்சிக்கு அதிகம் தருகிறவரைத் தண்டிப்பது நாட்டின் வளர்ச்சியையே முடக்கும் என்பது வாதத்தின் உச்சக்கட்டம்.

இந்த வாதத்தை மாநில எல்லைக்குள் கொண்டுவந்து பார்ப்பது பயனுள்ளது. சென்னை, காஞ்சிபுரம், கோயம்புத்தூர், திருப்பூர் ஆகிய இடங்களில் வசூலாகும் வரிக்கு முன்னால் திருவாரூரும் நாகப்பட்டினமும் வசூலிப்பது பொருட்படுத்தத் தக்கதல்ல. மாவட்டவாரியான தனிநபர் வருமானக் கணக்கில் திருவாரூர் நெடுங்காலமாகக் கீழ்வரிசையில் இருக்கிறது. 'தருபவருக்கே உரிமை' என்ற அளவுகோலை எடுத்தால் இவ்விரண்டும் அடங்கிய பழைய தஞ்சை மாவட்டம் முழுவதும் மாநிலத்தின் தயவில் வாழும் வட்டாரமாகிவிடும். தில்லியிடம் சென்னை வைக்கும் வாதத்தைச் சென்னையிடம் திருவாரூர் வைக்க முடியாது. சென்னைதான் திருவாரூரிடம் வைக்க முடியும்.

முடிவு விபரீதமாக இருப்பதால், அளவுகோலைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. ஒரு வட்டாரம் நாட்டின் வளர்ச்சிக்கு என்ன தந்தது என்பதை வரியேடு காட்டுமா? காவிரிப் படுகையின் இருநூறாண்டு வரலாற்றை வைத்து இக்கட்டுரை சொல்ல முனைவது இதுதான்: படுகை தருவதை நிறுத்தியதே இல்லை, அது தருகிற வடிவம் மாறியது, புதிய வடிவம் எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. இதை ஏற்றால், வளர்ச்சிக்கும் நிதிச் சமன்பாட்டுக்கும் இடையில் முரண் இருக்கிறது என்ற கூற்றையே வேறுவிதமாகப் பார்க்க வேண்டிவரும்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

வட்டார ஏற்றத்தாழ்வு பற்றிய பொருளியல் சிந்தனையில் இரண்டு முகாம்கள் உண்டு. ஜெஃப்ரி வில்லியம்சன் 1965இல் எழுதிய கட்டுரையில், வளர்ச்சியின் தொடக்கத்தில் வட்டாரங்களுக்கிடையே இடைவெளி விரியும், பிறகு தானாகவே சுருங்கும் என்றார். பொறுத்திருந்தால் போதும் என்பது அதன் சாரம். குன்னார் மிர்தால் 1957இலேயே இதற்கு மாறாகப் பேசியிருந்தார். வளரும் மையம் சுற்றுப்புறத்திலிருந்து மூலதனத்தையும் ஆளையும் உறிஞ்சிக்கொள்ளும். அரசு குறுக்கிடாவிட்டால் இடைவெளி கூடிக்கொண்டே போகும் என்பது அவர் கருத்து.

இந்தியச் சான்று வில்லியம்சனுக்குச் சாதகமாக இல்லை. 2016-17ஆம் ஆண்டின் நடுவண் பொருளாதார ஆய்வறிக்கை, மாநிலங்களின் வருமானம் ஒன்றையொன்று நெருங்குவதற்கு மாறாக விலகிச் செல்வதைப் புதிர் என்றே குறிப்பிட்டது. ஆனால் அதே அறிக்கை மிர்தால் தரப்புக்கும் சங்கடமான ஒன்றைச் சொன்னது: நடுவண் நிதி அதிகம் பெற்ற மாநிலங்கள் அதனால் வேகமாக வளர்ந்தன என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. நிதிச் சமன்பாட்டை எதிர்ப்பவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொள்வது வழக்கம்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை மூன்றாவது விளக்கம் ஒன்று உண்டு. கிறிஸ்டோபர் பேக்கர் 1984இல் வெளியிட்ட தமிழகக் கிராமப் பொருளாதார வரலாற்றில் ஆற்றுப் படுகைகள், சமவெளி, கொங்கு என மூன்று நிலப்பகுதிகளைப் பிரித்துக் காட்டினார். நீர் கொழித்த படுகை தேங்கிப்போனது. கிணறு வெட்டிப் பருத்தி விளைத்த வறண்ட கொங்கு ஆலைகளை நோக்கி நகர்ந்தது. இந்த வேறுபாட்டிலிருந்து, தஞ்சையின் பின்தங்கலுக்கு அரசின் நிதிக்கொள்கையைக் குற்றம் சொல்வதைவிட, உழாமலே வாரம் பெற்று வாழ முடிந்த நிலவுடைமையைக் குற்றம் சொல்வதே சரி என்ற வாதம் எழுகிறது. வலுவான வாதம்தான், கடைசிப் பகுதியில் இதற்குத் திரும்புகிறேன். முதலில் ஏடுகளைப் பார்க்கலாம்.

3. கிஸ்தி கொழித்த காலம்

1799இல் இரண்டாம் சரபோஜியோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கும்பினியிடம் போனது. மன்னருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் பகோடாவும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். கொடுத்தவருக்கே ஒரு பங்கைத் திருப்பித் தரும் நவீன 'வரிப் பகிர்வு' தஞ்சையில் இப்படித்தான் தொடங்கியது என்று குறும்பாகச் சொல்லலாம். மீதி நான்கு பங்கு சென்னை ராஜதானியின் கருவூலத்துக்குப் போயிற்று. சென்னை ராஜதானியின் வருவாயில் பெரும்பகுதி நிலவரி. நிலவரி அதிகம் தந்த மாவட்டங்களின் முன்வரிசையில் தஞ்சாவூர்.

எடுத்ததில் எவ்வளவு திரும்பி வந்தது? கொள்ளிடத் தலைப்பில் மேலணையும், கீழே அணைக்கரையில் கீழணையும் பொறியாளர் ஆர்தர் காட்டனின் முயற்சியால் 1836இல் எழுந்தன. நீர்ப்பாசனத்தில் போட்ட பணம் பல மடங்காகத் திரும்புகிறது. ஆனாலும் வரி வாங்குகிற அரசு பொதுப்பணிக்குச் செலவிட மறுக்கிறது என்று 1854இல் வெளியிட்ட நூலில் காட்டனே வாதாடினார். அரசு இரயில்பாதைக்குத் தந்த முன்னுரிமையை அவர் வாழ்நாள் முழுதும் எதிர்த்தார். மேட்டூர் அணைப் பணி தொடங்கியது 1925இல், நிறைவுற்றது 1934இல். மேலணைக்கும் மேட்டூருக்கும் இடைப்பட்ட தொண்ணூற்றெட்டு ஆண்டுகளில் படுகை கட்டிய கிஸ்தி என்னும் நிலவரியோடு ஒப்பிட்டால், படுகைக்குள் வந்த பெருமுதலீடு சொற்பமே.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்கள் அதிகம் அறியாத ஒரு நிகழ்வை விரித்துச் சொல்ல வேண்டும். 1919 சீர்திருத்தத்தில் நிலவரி முழுதும் மாகாணங்களுக்கும், வருமானவரியும் சுங்கமும் நடுவண் அரசுக்கும் என்று பிரிக்கப்பட்டன. பிரித்த பிறகு நடுவண் அரசுக்கு 983 லட்சம் ரூபாய் துண்டு விழுந்தது. அதை மாகாணங்கள் ஈடுகட்ட வேண்டும். எந்த மாகாணம் எவ்வளவு என்று முடிவுசெய்ய 1920இல் மேஸ்டன் குழு அமைந்தது. குழு விதித்த தொகை: சென்னை 348 லட்சம், ஐக்கிய மாகாணம் 240, பஞ்சாப் 175, வங்காளம் 63, பம்பாய் 56. பிரிட்டிஷ் இந்திய மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத சென்னை, மொத்தச் சுமையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தாங்கியது.

காரணம் எளிது. நிலவரி மாகாணத்துக்கு வந்ததால் 'அதிக லாபம்' அடைந்தவர் யார் என்று குழு கணக்குப் போட்டது. நிலவரி அதிகம் உள்ள சென்னையே அதிக லாபம் அடைந்ததாக ஏட்டில் தெரிந்தது. ஆலைகளின் வருமானவரி நேரே தில்லிக்குப் போவதால் தாங்கள் ஏற்கெனவே கொடுத்துவருகிறோம் என்று பம்பாய் வாதிட்டது. நெல் விளைத்த மாகாணம், நெல்லுக்கு வரி கட்டியதாலேயே மேலும் கட்டச் சொல்லப்பட்டது. எதிர்ப்புகளுக்குப் பிறகு 1920களின் இறுதியில் இந்தச் செலுத்தம் கைவிடப்பட்டது. இன்றைய நிதிக்குழு விவாதத்தில் தமிழ்நாட்டின் தரப்பாக நிற்கும் வாதம், அதாவது வரி வசூலாகும் இடத்துக்கே முன்னுரிமை என்பது, நூறாண்டுக்கு முன்பு பம்பாயின் வாதமாக இருந்தது. அப்போது அதன் கீழ் நசுங்கியது சென்னை.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் ஒன்றைக் குறிப்பிடாமல் விட முடியாது. தஞ்சை ஜில்லா போர்டு நிலவரியோடு ஒரு தனி வரி சேர்த்து வசூலித்து, அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்கு இரயில்பாதை போட்டது. 1894இல் வண்டி ஓடியது. இந்தியாவில் ஜில்லா போர்டு ஒன்று சொந்தமாகப் போட்ட முதல் இரயில்பாதை அது. இன்று தமிழ்நாட்டில் மாவட்ட ஊராட்சிக்கு எந்த வரியும் விதிக்கும் அதிகாரம் இல்லை. கிராம ஊராட்சிக்கு வீட்டுவரியும் தொழில்வரியும் உண்டு. தொழிற்சாலைகள் வந்த திருப்பெரும்புதூர் வட்டார ஊராட்சிக்கு அவை கணிசமான வருவாய். வயலுக்கு வீட்டுவரி கிடையாதென்பதால், நூற்றுக்கணக்கான ஏக்கர் நெல்வயலும் சில தெருக்களும் உள்ள கடைமடை ஊராட்சிக்கு அவை சில்லறை. நிலவரியோ மாநில வருவாயில் இன்று பெயரளவுக்குத்தான் இருக்கிறது. கிஸ்தி ஒழிந்தது நியாயம். ஆனால் நிலத்தை ஒட்டியிருந்த உள்ளூர் நிதியதிகாரமும் அதோடு சேர்ந்து போயிற்று.

4. விலை என்னும் வரி

கிஸ்தி தேய்ந்த அதே காலத்தில் இன்னொரு ஏற்பாடு வளர்ந்தது. 1960இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாடு முழுவதிலும் முதலில் தேர்வான ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. 1965 ஜனவரி 14 அன்று, பொங்கலை ஒட்டி, இந்திய உணவுக் கழகம் உருவானபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் திறக்கப்பட்டதும் தஞ்சாவூரில்தான். நாடு அப்போது அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்பார்த்திருந்தது. தொழில் வளர வேண்டுமானால் நகரத்தில் கூலி உயரக் கூடாது. கூலி உயராதிருக்க அரிசி மலிவாக இருக்க வேண்டும். ஆர்தர் லூயிஸ் 1954இல் எழுதிய வளர்ச்சிக் கோட்பாட்டின் நடைமுறைப் பக்கம் இது. மலிவாக இருக்க வேண்டிய அரிசி எங்கிருந்து வருவது? நெல் நகர்வுக் கட்டுப்பாடு, லெவிக் கொள்முதல், மாநிலத்துக்கு வெளியே அனுப்பத் தடை என்று படுகையைச் சுற்றி வேலி போடப்பட்டது. தஞ்சை மாவட்டத்திலிருந்து மூட்டை வெளியே போவதே கடத்தல் ஆன ஆண்டுகள் உண்டு.

1967இல் திமுக ஆட்சிக்கு வந்ததும் 'ரூபாய்க்கு ஒரு படி அரிசி' திட்டம் தொடங்கியது. முதலில் கிடைத்த நகரங்கள் சென்னையும் கோயம்புத்தூரும். அத்திட்டத்தின் சமூக நியாயத்தை மறுக்க முடியாது. பிற்காலத்தில் எல்லாருக்குமான பொது விநியோகமாக வளர்ந்து தமிழ்நாட்டின் பசியைக் குறைத்த ஏற்பாட்டுக்கு அதுவே வித்து. ஆனால் நிதிக்கணக்காகப் பார்த்தால் ஆலை நகரங்களின் கூலிச் செலவில் ஒரு பகுதியைப் படுகையின் நெல் தாங்கியது. வரியாக வசூலித்திருந்தால் ஏதேனும் ஒரு ஏட்டில் தஞ்சாவூரின் பெயரில் பதிவாகியிருக்கும். விலையாக வசூலித்ததால் பதிவாகவில்லை.

இது கடந்த காலக் கதை மட்டுமல்ல. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பும் தில்லி ஆய்வு நிறுவனம் ஒன்றும் இணைந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், 2000-01 முதல் 2016-17 வரை இந்திய உழவர்க்குக் கிடைத்த நிகர ஆதரவு, மானியங்களைச் சேர்த்த பிறகும், பண்ணை வருவாயில் சராசரியாகக் கழித்தல் 14 விழுக்காடு என்று கணக்கிட்டார்கள். ஏற்றுமதித் தடைகள் உள்நாட்டு விலையை அழுத்தியதே இதன் முக்கியக் காரணம். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்து, 2024 செப்டம்பரில்தான் நீங்கியது. விலைவாசி கட்டுக்குள் இருந்தால் வட்டி விகிதம் கட்டுக்குள் இருக்கும், முதலீடு வளரும். தேசிய வளர்ச்சிக்கு நெல்லுழவர் செலுத்தும் இந்தப் பங்குக்கு எந்த நிதிக்குழுவும் எடை தரவில்லை.

எதிர்த்தரப்புக்கும் செவிசாய்க்க வேண்டும். படுகை உழவருக்கு நேரடி நெல் கொள்முதல் நிலையம் இருக்கிறது. 2025-26 பருவத்தில் சன்னரகத்துக்கு ஆதரவு விலையோடு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். 2006இல் ஒழுங்குமுறை விற்பனைச் சட்டத்தையே நீக்கிவிட்ட பீகாரின் உழவர் இதைக் கனவுகூடக் காண முடியாது. அறுவடைக் காலத்தில் சந்தைவிலை சரியும்போது கொள்முதல் நிலையம் வரியல்ல, மானியம் என்று வாதிட இடமுண்டு. இதில் உண்மை பாதி. 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் கூடாது என்ற விதி, ஐப்பசி மழையில் குறுவை அறுக்கும் வட்டாரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல. ஒவ்வோராண்டும் சாலையோரம் நெல் முளைக்கத் தொடங்கிய பிறகு தில்லிக்கு மனுப்போகிறது, நடுவண் குழு வருகிறது, தளர்வு சில நேரம் வருகிறது. காத்திருந்த நாள்களின் இழப்பு உழவருடையது.

பஞ்சாபோடு ஒப்பிட்டால் மீதிப் பாதி தெரியும். அங்கே கொள்முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் சந்தைக் கட்டணம் 3 விழுக்காடு, ஊரக வளர்ச்சிக் கட்டணம் 3 விழுக்காடு என்று மாநிலம் விதித்தது. நடுவண் தொகுப்புக்காக வாங்கும்போது தில்லிதான் கட்ட வேண்டும். அந்தப் பணம் சந்தைகளாகவும் கிராமச் சாலைகளாகவும் திரும்பியது. பிறகு தில்லி கையை இறுக்க, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. எனினும் கொள்கை தெளிவு: தானியம் எங்கிருந்து எடுக்கப்படுகிறதோ அங்கே ஒரு பகுதி தங்கும். தமிழ்நாட்டில் ஊக்கத்தொகை தனித்தனி உழவரின் வங்கிக்கணக்குக்குப் போகிறது, நல்லதுதான். ஆனால் சாலை, களம், கிடங்கு, உலர்த்தும் எந்திரம் ஆகியவற்றுக்குக் கொள்முதலோடு இணைந்த உள்ளூர் வருவாய் என்று எதுவுமில்லை. திறந்தவெளியில் நெல்மூட்டை நனைவதற்கு ஊழலைப்போலவே இதுவும் ஒரு காரணம்.

5. நீர்ப்பங்கீடும் நிதிப்பங்கீடே

2007 பிப்ரவரி 5 அன்று காவிரி நடுவர் மன்றம் தன் இறுதித் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு 419 டிஎம்சி ஒதுக்கியது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை 404.25 ஆகக் குறைத்தது. குறைத்த 14.75 டிஎம்சியின் பிரிவினை கவனத்துக்குரியது. 10 டிஎம்சி, படுகையில் நிலத்தடி நீர் இருக்கிறது என்ற காரணத்துக்காக. 4.75 டிஎம்சி, பெங்களூரின் குடிநீருக்காக. அந்நகரின் ஒரு பகுதி மட்டுமே காவிரி வடிநிலத்துக்குள் வருகிறது என்று நடுவர் மன்றம் கட்டுப்படுத்தியிருந்ததை, உலக அளவில் பெங்களூர் பெற்றிருக்கும் தகுதியைச் சுட்டிக்காட்டி உச்ச நீதிமன்றம் தளர்த்தியது.

குடிநீருக்கு முன்னுரிமை என்பதை நான் எதிர்க்கவில்லை. மிர்தால் சொன்ன உறிஞ்சல் தீர்ப்பாகவே எழுதப்பட்ட அரிய தருணம் இது என்பதே நான் சொல்ல வருவது. நாட்டின் மென்பொருள் ஏற்றுமதி வளர்ச்சிக்கு நெல்வயலிலிருந்து நீர் போகிறது; அந்த வளர்ச்சியின் வரி பெங்களூரின் பெயரில் வரவாகிறது; வயலுக்கு எந்த ஈடும் வருவதில்லை. கர்நாடகத்தைப் பற்றி இப்படிப் பேசுவது நமக்கு எளிது. 2004இல் நிறைவேறிய புதிய வீராணம் திட்டத்தில் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் நீர் சென்னைக்குப் போகிறது. வீராணம் ஏரி கீழணையிலிருந்து வடவாறு வழியாக நிரம்புவது, படுகையின் வடகோடிப் பாசன ஏரி. சென்னை மாநகரக் குடிநீர் வாரியத்தின் நீர்க்கட்டணத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் வட்டார வாய்க்கால்களுக்கு ஒரு பங்கு என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நிலத்தடி நீர் பற்றிய 10 டிஎம்சி வாதம் இன்னொரு சமனின்மையைத் தொடுகிறது. வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கம் ஆழ்துளைக் கிணறு போட்டால் வருவது உப்புநீர். 1990 முதல் எல்லா உழவர்க்கும் இலவசமான பம்புசெட் மின்சாரம், மாநிலம் வேளாண்மைக்குத் தரும் மிகப்பெரிய மானியங்களில் ஒன்று. அது கிணற்றைத் தேடிப் போகும் மானியம். வாய்க்காலை மட்டுமே நம்பியிருக்கும் கடைமடை அதில் பெறுவது அற்பம். வாய்க்காலுக்கான செலவைப் பார்த்தால், 2022இல் படுகை முழுவதும் ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் தூர்வார ஒதுக்கியது 80 கோடி ரூபாய். கல்லணைக் கால்வாயைச் சீரமைக்க 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2021இல் அடிக்கல் நாட்டப்பட்டது உண்மை. அக்கால்வாயின் பாசனம் அதனால் பலன் பெறும். ஆனால் பெருந்திட்டத்தின் பணம் தலைப்பில் கான்கிரீட்டாக இறங்குகிறது, கிளை வாய்க்கால் கடைசி மதகுவரை போவதில்லை என்ற உழவர்களின் குறை நியாயமானது.

6. நிலத்தடியில் எண்ணெய், நிலத்தின் மேல் தடை

நன்னிலம், திருவாரூர், நாகை வட்டாரங்களில் எண்ணெயும் எரிவளியும் கிடைக்கின்றன. நரிமணம் எண்ணெயைச் சுத்திகரிக்கவே பனங்குடியில் 1993இல் ஆலை வந்தது. கச்சா எண்ணெய்க்கான ராயல்டி, நிலப்பகுதிக் கிணறானால், மாநிலக் கருவூலத்துக்கு. 1974 சட்டப்படியான எண்ணெய்த்தொழில் வரி நடுவண் அரசுக்கு. கிணறு தோண்டப்பட்ட ஊருக்குச் சட்டப்படியான பங்கு இல்லை.

2015இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, சுரங்கம் உள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைத்தார்கள். சுரங்கக்காரர் செலுத்தும் தொகை பாதிக்கப்பட்ட ஊர்களில் செலவாக வேண்டும். சுண்ணாம்புக்கல் வெட்டும் அரியலூருக்கு அது உண்டு. திருவாரூருக்கு எண்ணெயின்பேரில் கிடையாது. 1957ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 'கனிமம்' என்ற வரையறை கனிம எண்ணெயை விலக்கிவிடுகிறது. கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஒரு நியாயம், இக்கரையில் இன்னொன்று.

மன்னார்குடி மீத்தேன் திட்டத்துக்கும், 2017இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் எண்ணெய், எரிவளி நடவடிக்கைகளுக்கும் எதிரான போராட்டங்களுக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேறியது. புதிய எண்ணெய், எரிவளி ஆய்வு, துத்தநாக, செம்பு, அலுமினிய உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, கப்பல் உடைப்பு உள்ளிட்ட தொழில்கள் படுகைக்குள் வரக்கூடாது. போராடிப் பெற்ற சட்டம், நான் வரவேற்கிறேன். ஆனால் அதன் நிதிப்பக்கத்தை யாரும் எழுதவில்லை. மாநிலத்தின் உணவுப் பாதுகாப்புக்காக ஒரு வட்டாரம் சில வளர்ச்சிப் பாதைகளைத் தனக்குத் தானே மூடிக்கொள்கிறது. மூடியதற்கு ஈடு என்ன?

இதற்கு முன்னுதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 14ஆவது நிதிக்குழு காட்டுப் பரப்புக்கு 7.5 விழுக்காடு எடை கொடுத்தது. 15ஆவது அதை 10 ஆக்கியது. காட்டை அழிக்காமல் வைத்திருக்கும் மாநிலம் நாட்டுக்கு ஒரு நன்மை செய்கிறது, அதனால் வரிவாய்ப்பை இழக்கிறது, ஆகவே ஈடு தர வேண்டும் என்பதே காரணம். அதே தர்க்கம் நெல்வயலுக்கும் பொருந்தும். அரசியலமைப்பின் 73, 74ஆவது திருத்தங்களுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமையும் மாநில நிதி ஆணையம், உள்ளாட்சிப் பகிர்வில் பாதுகாக்கப்பட்ட மண்டல ஊராட்சிகளுக்கு இப்படியொரு எடையைத் தரத் தடை எதுவும் இல்லை. தில்லியிடம் 'எங்கள் பங்களிப்பைக் கணக்கிடுங்கள்' என்று கேட்கும் மாநிலம் தன் கைக்குள் இருக்கும் சூத்திரத்தில் அதைச் செய்து காட்டியிருந்தால், தில்லியில் அதன் குரலுக்கு வலிமை கூடியிருக்கும்.

7. வட்டாரம் என்னும் திரை

இதுவரை 'படுகை தந்தது', 'படுகை இழந்தது' என்று எழுதிவந்தேன். இந்த எழுவாயில் ஒரு மோசடி ஒளிந்திருக்கிறது. தந்தவர் யார், இழந்தவர் யார்?

1952இல் வந்த தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்காவது கிடைக்க வேண்டும் என்றது. சட்டம் போட்டுத்தான் நாற்பது விழுக்காட்டைப் பெற்றுத் தர வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன்பு என்ன கிடைத்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். கருவூலத்துக்குப் போன கிஸ்தியைவிட மிராசுதாருக்குப் போன வாரம் அதிகம். அந்த வாரம் சென்னையில் வீடாகவும் பிள்ளைகளின் படிப்பாகவும் மாறியது. ஆலையாக மாறியது குறைவு. பேக்கர் காட்டும் வேறுபாட்டிலிருந்து எழும் வாதம் இந்த அளவில் சரி. கூலி உயர்வு கேட்டதன் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டனர். அந்த ஊரின் இழப்பை எந்த மேஸ்டன் கணக்கிலும் ஏற்ற முடியாது. அதற்குக் காரணம் தில்லியும் அல்ல.

ஆனால் நிலவுடைமை மட்டுமே காரணம் என்ற வாதம் 1970களுக்குப் பிறகு வலுவிழக்கிறது. உச்சவரம்புச் சட்டங்களும், இடதுசாரி இயக்கமும், மிராசுதார்கள் நிலத்தை விற்று வெளியேறியதும் சேர்ந்து படுகையின் உடைமையை மாற்றின. சிறு உழவர் கைக்கு வந்த நிலம், விலையால் அழுத்தப்பட்ட, கடைமடைக்கு நீர் வராத நிலமாக இருந்தது. பழைய உறிஞ்சல் உள்ளூர்க்காரர் செய்தது. புதியது கொள்கையின் வழி நடந்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் ஆய்வாளருக்கு இல்லை.

ஈடு வரும்போதும் இதே சிக்கல் தொடரும். கோயில், மட நிலங்களில் வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுபவர் ஏராளம். கொள்முதல் நிலையத்தில் சிட்டா, அடங்கல் கேட்கிறார்கள். பயிர்க் காப்பீட்டுக்கும் அதையே கேட்கிறார்கள். பெயரில் நிலமில்லாதவரின் நெல் இன்னொருவர் பெயரில் விற்பனையாகிறது, ஊக்கத்தொகையும் அந்தப் பெயருக்கே போகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரைகடந்தபோது மாநில அரசு ஏறத்தாழ 15,000 கோடி கேட்டது. நடுவண் பேரிடர் நிதியிலிருந்து ஒப்புதலானது 1,146 கோடி. வந்த அந்தப் பணமும் பட்டா வைத்திருந்தவர் வீட்டு வாசலிலேயே பெரிதும் நின்றது. எனவே வட்டாரத்துக்கான ஈடு தனிநபர் கணக்குகளாகச் சிதறாமல் ஊராட்சியின் பொதுச்சொத்தாக வர வேண்டும் என்பது என் துணிபு. களமும் கிடங்கும் தூர்வாரிய வாய்க்காலும் பட்டா கேட்பதில்லை.

இன்னொரு தரப்பும் உண்டு. நிதிக்குழு விவாதத்தில் அது பேசப்படுவது அரிது. சில ஆண்டுகளாகப் படுகையில் நடவுக்குப் பீகாரிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் ஆட்கள் குழுவாக வருகிறார்கள். உள்ளூர் இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்ட இடத்தை அவர்கள் நிரப்புகிறார்கள். 15ஆவது நிதிக்குழு பீகாருக்குத் தந்த பங்கு 10.058 விழுக்காடு, தமிழ்நாட்டின் பங்கைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. நம் வரி பீகாருக்குப் போகிறது என்று மேடையில் முழங்கும்போது, பீகாரில் கொள்முதல் ஏற்பாடு போதாததால் ஆதரவு விலைக்குக் கீழே நெல்லை விற்று, மறுபருவம் மன்னார்குடிப் பக்கம் நாற்று நடக் கூலிக்கு வருபவர் அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் இருக்கிறார்? அவர் நட்ட நெல் நம் நியாயவிலைக் கடைக்கு வருகிறது. அவருடைய ரேஷன் அட்டை பீகாரில் இருக்கிறது. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் 2020 அக்டோபரிலேயே தமிழ்நாடு சேர்ந்துவிட்டது. நடவுப் பருவம் முழுவதும் வயலோரக் கொட்டகையில் தங்கியிருப்பவருக்கு அந்த அட்டையின்பேரில் அரிசி கிடைக்கிறதா என்பதை மாவட்ட வழங்கல் அலுவலகங்களின் பதிவேடுகளிலிருந்தே கணக்கெடுக்கலாம். அந்தக் கணக்கெடுப்பு இன்னும் நடக்க வேண்டியிருக்கிறது.